கடல் புகுந்த கிணறுகள்

எண்ணூருக்கு வடமேற்கே மீஞ்சூர்ப் பிரதேசத்தில், ஆரணியாறும் கொசஸ்தலையாறும் படிவித்த மணல் ஏராளமான நல்ல ஜலத்தைத் தாங்கியிருந்தது. 1960-களின் பிற்பகுதி முதல் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் குழாய்க்கிணறுகளால் அது இறைக்கப்பட்டது. குடியானவர்களும் பாசனத்துக்கு இறைத்தனர். மழை ஊட்டியதற்கு மேல் எடுத்தமையால், நன்னீர் தாழ்ந்த இடத்தில் சமுத்திர ஜலம் நிலத்தடியே உட்புகுந்தது. பல மைல் தூரம் கிணறுகள் உவர்த்துக் குடிக்கவும் பயிருக்கும் தகாதனவாயின.

2010-இல் காட்டுப்பள்ளியில், கடல்நீரை நன்னீராக்கும் ஆலை ஏற்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வடசென்னைக்குத் தரவல்லது. கிணற்றைக் கெடுத்த கடலிலிருந்தே இன்று பெருஞ்செலவில் குடிநீர் பெற வேண்டியதாயிற்று.

இல்லத்தார் ஒன்றை அறிதல் அவசியம். காய்ச்சினால் கிருமிகள் சாகும், உப்புப் போகாது. நீர் சுண்டச் சுண்ட உவர்ப்பு மிகும். குடிநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று. வேறு நீர் கிடையாதவிடத்து 2000 வரை இந்தியத் தரவிதி இடந்தருகிறது. ஆகவே கிணற்று நீர் கரிக்கத் தொடங்கியதும் பரிசோதனைக்கு அனுப்புக.

குடியானவர்கள் ஏரிகளைத் தூர் வாரியும், ஓடைகளில் தடுப்பணை கட்டியும் மழைநீரை மணலுக்குள் இறக்குவதுடன், இறைப்பையும் குறைத்தல் வேண்டும். உவர் புகுந்த மணலில் நன்னீர் மீளப் பல்லாண்டுகள் செல்லும்.