ஆளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு ஆள்!

மங்களூர் என்றதும் கர்நாடகாவுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், ஸார். இது நம்ம கடலூர் மாவட்டத்து மங்களூர். இந்தப் பக்கத்தில் பெரிய ஊர் விருத்தாசலம். அங்கே பீங்கான் பிரபலம். ஊறுகாய் ஜாடி, பியூஸ் கேரியர், பொம்மை என்று சூளையிலிருந்து வருவதெல்லாம் பளபளக்கும்.

அந்தப் பளபளப்பான ஜாடியைச் சுவரோரம் வைத்து, பிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுங்கள். ஜாடியின் வயிற்றில் வெள்ளையாக ஒரு பொட்டு, முதுகுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பூதம்! வாட்ஸ்அப்பில் அனுப்பினால், "ஜாடி எவ்வளவு?" என்று கேட்கவேண்டிய ஆள், "ரெண்டு ஜாடியா?" என்று கேட்பார்.

மனுஷனுக்கும் இதே கதைதான். கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குத் துணையாகச் சுவரில் ஒரு கறுப்பு மாப்பிள்ளை நிற்பாரே, அவர்தான்!

காரணம் சிம்பிள். பிளாஷ் என்பது குட்டி பல்பு. வெளிச்சம் புறப்படும் இடம் எவ்வளவு சிறியதோ, நிழலின் ஓரம் அவ்வளவு கூர்மை. சுவர் கிட்டே இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், முழு நிழலும் படத்துக்குள்ளேயே விழும்.

அழிப்பது எப்படி?

அந்தக் காலத்து ஸ்டூடியோவில் நெகட்டிவ் மேல் பென்சிலால் 'டச்சிங்' செய்வார்கள். 1990-ல் தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பியின் போட்டோஷாப் வந்ததும், பென்சில் போய் மவுஸ் வந்தது. 2002-ல் அதில் 'ஹீலிங் பிரஷ்' சேர்ந்தது. காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கு 'கிம்ப்' இருக்கிறது, 1996-லிருந்து இலவசம்.

முதல் விதி: ஒரிஜினலைத் தொடாதீர்கள். காப்பி எடுத்து அதில் விளையாடுங்கள்.

அடுத்து, ஆளையோ ஜாடியையோ செலக்ட் செய்து, அந்த செலக்‌ஷனைத் தலைகீழாக்குங்கள். இனி பிரஷ் எங்கே போனாலும் சுவரில் மட்டும்தான் பூசும், மூக்கில் பூசாது. செலக்‌ஷன் ஓரத்தை ஒன்றிரண்டு பிக்ஸல் மென்மையாக்கினால் போதும். இல்லாவிட்டால் தெருமுனை கட்-அவுட் மாதிரி வெட்டி வைத்தது தெரியும்.

திறந்த சுவரில் விழுந்த நிழலுக்கு ஹீலிங் பிரஷ். தலைமுடி, காது ஓரங்களில் மட்டும் அது வேண்டாம். பக்கத்து நிறத்தையும் இழுத்துக் கலக்கும் குணம் அதற்கு. முடியின் கறுப்பு சுவரில் தீற்றிக்கொள்ளும். அங்கே 'குளோன் ஸ்டாம்ப்'. சுத்தமான சுவரை அப்படியே எடுத்து ஒட்டிவிடும்.

ஜாடிக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பின்சுவர் நிழல் போகட்டும். அடியில், தரையோடு ஒட்டிய நிழலை விட்டுவிடுங்கள். அதையும் துடைத்தால் ஜாடி அந்தரத்தில் மிதக்கும்!

எங்கே கை வைக்கக் கூடாது?

பாஸ்போர்ட் போட்டோவில்! வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்கள் 2025 செப்டம்பர் 1 முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படியான படத்தைக் கேட்கின்றன. வெள்ளைப் பின்னணி, முகத்தில் நிழலோ பிளாஷ் பளபளப்போ கூடாது. "அதனாலென்ன, சாப்ட்வேரில் துடைத்துத் தருகிறேன்" என்கிறீர்களா? சாப்ட்வேரால் மாற்றிய படமும் கூடாது என்கிறது அதே விதி! துபாயிலும் அபுதாபியிலும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் நம்மவர்களுக்கு இது விளையாட்டில்லை. படம் சரியில்லையென்றால் மறுபடி போட்டோ, மறுபடி லீவு.

உள்ளூரில் பெரியவர்களை பாஸ்போர்ட் சேவை மையத்திலேயே படம் எடுத்துவிடுவார்கள். 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.

அப்போது நிழலை முதலிலேயே வரவிடாமல் செய்வதுதான் வழி. பிளாஷை அணையுங்கள். சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளி, ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ நிற்க வையுங்கள். ஒரு கன்னம் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை தெர்மோகோல் அட்டையைப் பிடியுங்கள். கைக்குழந்தையா? ஜன்னலோரம் வெள்ளை பெட்ஷீட்டில் படுக்க வைத்து மேலிருந்து எடுங்கள். உங்கள் தலையின் நிழல் குழந்தை மேல் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜாடி வியாபாரத்துக்கும் ஒரு கோடு உண்டு. ஜாடியின் நிழலை அழிப்பது அலங்காரம். அதே பிரஷ்ஷால் ஜாடியின் விரிசலை அழிப்பது மோசடி. பார்சலைப் பிரிக்கிற அம்மாவின் கையில் இருப்பது மவுஸ் அல்ல, ஊறுகாய்க் கரண்டி. எண்ணெய் ஒழுகினால் எந்த பிரஷ்ஷாலும் அதைத் துடைக்க முடியாது!