பூங்கா வரைபடத்தில் இல்லாத வீடுகள்

கட்டடக்கலை மாணவர் ஒருவர், கூவக்கரைக்கென வரைந்த பூங்காத் திட்டத்தை அண்மையில் எங்களிடம் காட்டினார். நடைபாதை, நிழல் மரங்கள், சுற்றிலும் வேலி, பெருஞ்சாலையை நோக்கி ஒரே வாயில். இன்று குடிசைகள் நிற்கும் இடம் அதில் வெறும் பச்சை. ஓரத்தில் ‘ஆக்கிரமிப்பு’ என்றொரு குறிப்பு.

கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கலாகாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் உறுப்பு. இச்சொற்களுக்குப் பின்னே மகாடு இருக்கிறது. சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிடுவதாக அவ்வூர் நகராட்சி 1924இலேயே தீர்மானித்தது. தீர்மானம் தாளில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் அக்குளத்து நீரைப் பருகினர், அன்றே தாக்கப்பட்டனர்.

வேலியில் எவரும் சாதியை எழுதி வைப்பதில்லை. வாயில் எந்தத் தெருவைப் பார்க்கிறது, காவலாளி எவரை நிறுத்துகிறார் என்பவற்றில் அது இருக்கிறது. வரைபடக்காரர்கள் இதைப் பாடமாகப் படிப்பதில்லை போலும்.

குடியிருப்போரை அகற்றுமுன் அறிவிப்பும் விசாரணையும் வேண்டும் என்பதற்கு 1985ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பை நாங்கள் இன்றும் நீதிமன்றங்களில் காட்டி வாதிடுகிறோம். பச்சை வண்ணம் பூசுவதற்கு எந்த அறிவிப்பும் தேவைப்படுவதில்லை.

மாணவர் திருத்திக் கொண்டுவந்தார். இப்போது வாயில்கள் மூன்று, குடிசைகளும் வரையப்பட்டிருந்தன. ஓரக் குறிப்பு மட்டும் அப்படியே இருந்தது.