பிறப்பும் உரிமையும்

பவுல் தாம் பிறப்பாலேயே ரோமக் குடிமகன் என்று கூறியபோது, அச்சொல் அவரைச் சவுக்கடியினின்று காத்தது. ஆபத்து வேளையில் எடுத்துரைக்கத்தக்கதே குடியுரிமை என இதனால் அறிகிறோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கேயுள்ள கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், நாடு விடுதலையடைந்த பின்னும் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தனர். 1976 ஆம் ஆண்டில்தான் அம்மலை அரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. உழுத நிலமும் மாடு மேய்த்த இடமும் காடெனப் பதிவாகியிருப்பின், அங்கே பிறந்தவரும் ஆக்கிரமிப்பாளராகவே எண்ணப்படுவர்.

இக்குறையை நீக்கவே 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் எழுந்தது. 13.12.2005க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிரிட்டுவரும் பழங்குடிக் குடும்பத்திற்கு 4 ஹெக்டேர் வரையில் உரிமையும், ஊராருக்கு மேய்ச்சலுரிமையும் அது அளிக்கிறது. விண்ணப்பத்தை முதலில் ஆராய்வது கிராம சபையே.

மலையூர்களில் ஊழியஞ்செய்யும் நாம், வேண்டுவோருக்கு அவ்விண்ணப்பத்தை எழுதிக்கொடுத்தலையும் நம் கடமையாகக் கொள்வோமாக. பிறப்பால் வந்த உரிமை, ஏட்டில் ஏறாமையால் அழிந்துபோகலாகாது.