குக்கீஸ் சரியா வரலையா? தப்பு உங்க கையில இல்லை, புத்தகத்துல இருக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆசையாக வாங்கிய ஓடிஜி, அரை கிலோ வெண்ணெய், சாக்லேட் சிப்ஸ், பளபளக்கும் ஒரு ரெசிப்பி புத்தகம். எல்லாம் ரெடி. புத்தகத்தில் சொன்னதை வரிக்கு வரி செய்து 12 உருண்டைகளை உள்ளே வைத்தால், கால் மணி நேரம் கழித்து வெளியே வருவது ட்ரே முழுக்கப் பரவிய ஒரே ஒரு ராட்சதத் தட்டை!

‘நமக்கெல்லாம் பேக்கிங் செட் ஆகாது’ என்று அந்த ஓடிஜியை மறுபடியும் அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிடுபவர்கள் நிறைய. ஆனால், பல நேரங்களில் சொதப்பியது நீங்கள் அல்ல, புத்தகம்தான். காசு கொடுக்கும் முன்பே அதைக் கண்டுபிடிக்க முடியும். எப்படி?

டம்ளர் கணக்கு இங்கே ஏன் எடுபடாது?

இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. டம்ளர் பெரிசா, சிறிசா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் வேண்டாம். இரண்டையும் அதே டம்ளரில் அளப்பதால் விகிதம் மாறாது. சாம்பாரில் உப்பு குறைந்தால் கடைசியில் ஒரு சிட்டிகை போட்டுக்கொள்ளலாம். இதைத்தான் கைப்பக்குவம் என்கிறோம்.

குக்கீயில் கதை வேறு. மைதாவை கப்பில் அளக்கிறோம், வெண்ணெயை பாக்கெட்டில் இருக்கும் கிராம் கணக்கில் எடுக்கிறோம், முட்டையை எண்ணிப் போடுகிறோம். கப் கொஞ்சம் மாறினாலும் மைதா மட்டும் கூடும் அல்லது குறையும். மற்றது அப்படியே இருக்கும். விகிதம் போச்சு! அதோடு, ட்ரே உள்ளே போன பிறகு ருசி பார்த்துச் சரிசெய்யவும் வழியில்லை.

கப் என்றால், எந்த கப்?

அமெரிக்க கப் சுமார் 240 மில்லி. ஆஸ்திரேலிய கப் 250 மில்லி. டேபிள்ஸ்பூன் அமெரிக்காவில் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. புத்தகம் எந்த நாட்டுக்காரர் எழுதியது என்று தெரியாவிட்டால் முதல் படியிலேயே குழப்பம்.

கப்பின் அளவு ஒன்றாகவே இருந்தாலும், நிரப்பும் விதத்தில் எடை மாறும். ஸ்பூனால் அள்ளிப் போட்டு மேலே வழித்தால் ஒரு எடை. கப்பையே மாவு டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் இன்னொரு எடை. அமெரிக்காவின் ‘கிங் ஆர்தர் பேக்கிங்’ நிறுவனம் ஒரு கப் மைதாவை 120 கிராம் என்று கணக்கிடுகிறது. ‘அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன்’ 5 அவுன்ஸ், அதாவது சுமார் 142 கிராம் என்கிறது. இரண்டுமே தப்பில்லை. அவரவர் ரெசிப்பியை அவரவர் கணக்கில் சோதித்திருக்கிறார்கள்.

ஆனால், இரண்டே கால் கப் மைதா கேட்கும் ரெசிப்பியில் ஒரு கணக்குப்படி 270 கிராம், இன்னொன்றின்படி 320 கிராம் ஆகிறது. 50 கிராம் வித்தியாசம்! மைதா குறைந்தால் குக்கீ பரவி ஓடும். கூடினால் வறண்டு கேக் மாதிரி ஆகும்.

கப்பை வழித்து மட்டமாக அளக்கும் முறையைப் பிரபலமாக்கியது, 1896-ல் வெளிவந்த ஃபேனி ஃபார்மரின் சமையல் புத்தகம். அந்தக் காலத்துக்கு அது பெரிய முன்னேற்றம். இன்றைக்கு அந்த வேலையைச் செய்ய சின்ன டிஜிட்டல் தராசு இருக்கிறது.

வாங்கும் முன் 5 செக்

கடையில் நின்றபடியோ, ஆன்லைனில் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களிலோ ஒரே ஒரு ரெசிப்பியை முழுசாகப் படியுங்கள். பத்து நிமிடம் போதும்.

1. கிராம் இருக்கிறதா? மைதா, சர்க்கரை, வெண்ணெய் மூன்றுக்கும் கிராம் அளவு இருந்தால் பாதிக் கவலை முடிந்தது. கப் மட்டும்தான் என்றால், ‘எங்கள் ஒரு கப் இத்தனை கிராம்’ என்று முன்பக்கங்களில் எங்காவது சொல்லியிருக்க வேண்டும். அதுவும் இல்லையா? புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடலாம்.

2. எந்த வகை என்று சொல்கிறதா? ‘வெண்ணெய்’ என்று மட்டும் போட்டால் போதாது. உப்பு சேர்த்ததா, சேர்க்காததா? அமெரிக்கப் புத்தகங்களில் வரும் கோஷர் உப்பு, சில பிராண்டுகளில் ஒரு டீஸ்பூனுக்கு 3 கிராம்தான். நம் வீட்டுத் தூள் உப்போ சுமார் 6 கிராம். அப்படியே போட்டால் கரிக்கும்! அவர்கள் சொல்லும் பிரவுன் சுகர் வெல்லப்பாகு கலந்த ஈரமான சர்க்கரை. உலர்ந்த டெமெராரா சர்க்கரை அதற்குச் சரியான மாற்று அல்ல. நாட்டுச்சர்க்கரை போடலாம், ஆனால் ருசியும் பதமும் மாறும். முட்டையும் அப்படித்தான். அமெரிக்கப் புத்தகங்களின் ‘லார்ஜ்’ முட்டை ஓடு நீக்கி சுமார் 50 கிராம். நீங்கள் வாங்கும் முட்டை அந்த எடை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கணக்கு உதைக்கிறதா? இதுதான் ரொம்ப சுலபமான டெஸ்ட். எல்லாப் பொருட்களின் எடையையும் கூட்டுங்கள். மொத்தம் 900 கிராம், ஒரு உருண்டை 30 கிராம் என்றால் 30 குக்கீ வரும். புத்தகம் 50 வரும் என்கிறதா? அதை யாரும் செய்தே பார்க்கவில்லை. சமையல் சோடாவையும் கவனியுங்கள். 270 கிராம் மைதாவுக்கு ஒரு டீஸ்பூன் போதும். டேபிள்ஸ்பூன் என்று இருந்தால் உஷார்.

4. நிமிடம் மட்டுமா, அடையாளமும் உண்டா? எல்லா ஓடிஜியும் ஒரே மாதிரி சூடாவதில்லை. ‘12 நிமிடம்’ என்று மட்டும் சொல்வதைவிட, ‘ஓரம் பொன்னிறமாகி, நடுவில் இன்னும் மெத்தென்று இருக்கும்போது எடுங்கள், ட்ரேயிலேயே ஆறி இறுகும்’ என்று சொல்லும் புத்தகம் மேல். 350 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது சுமார் 177 டிகிரி செல்சியஸ். ஃபேன் ஓடும் கன்வெக்‌ஷன் மோடு என்றால் பொதுவாக 20 டிகிரி குறைப்பார்கள். இதையெல்லாம் விளக்குகிறதா என்று பாருங்கள்.

5. எழுதியவர் யார்? 2023-ல், ஏஐ எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட காளான் கையேடுகள் அமேசானில் விற்பனைக்கு வந்தபோது நியூயார்க்கின் காளான் ஆய்வுச் சங்கம் எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில், ஒருவர் ஒரு நாளைக்கு 3 புத்தகங்களுக்கு மேல் புதிதாகச் சுயபதிப்பு செய்ய முடியாது என்று அமேசான் வரம்பு வைத்தது. ஒரு நாளைக்கு மூன்று என்பதே கட்டுப்பாடு என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். எழுதியவருக்கு வேறு புத்தகங்களோ, பேக்கரி அனுபவமோ, வீடியோக்களோ இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். ஸ்டார் ரேட்டிங்கைவிட, ‘செய்து பார்த்தேன், இப்படி வந்தது’ என்று எழுதிய விமர்சனங்களுக்கு மதிப்பு அதிகம்.

சரி, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ரோஸ் லெவி பெரன்பாமின் ‘தி குக்கி பைபிள்’ (2022), டோரி கிரீன்ஸ்பானின் ‘டோரீஸ் குக்கீஸ்’ (2016) இரண்டிலும் கிராம் அளவு உண்டு. ‘அமெரிக்காஸ் டெஸ்ட் கிச்சன்’ வெளியிட்ட ‘தி பெர்ஃபெக்ட் குக்கி’ (2017), ஏன் இப்படிச் செய்கிறோம் என்று காரணமும் சொல்லும். மூன்றுமே அமெரிக்கச் சமையலறையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அதனால் உப்பு, சர்க்கரை, முட்டை விஷயத்தில் மேலே சொன்ன கவனம் தேவை.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு டிப்ஸ்: முட்டை உள்ள ரெசிப்பியில் அதை எடுத்துவிட்டுப் போராட வேண்டாம். நான்கட்டாய், ஷார்ட்பிரெட் போல முதலிலிருந்தே முட்டை இல்லாத வகைகள் எத்தனை இருக்கின்றன என்று பொருளடக்கத்தில் பாருங்கள்.

100 கிராம் வெண்ணெயில் ஒரு டெஸ்ட்

புத்தகம் வாங்கியாச்சா? அதன் பெரிய ரெசிப்பிக்குள் இறங்கும் முன் உங்கள் ஓடிஜியைச் சோதித்துவிடுங்கள். 50 கிராம் பொடித்த சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா. ஷார்ட்பிரெட்டின் பழைய 1:2:3 விகிதம் இது. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, மைதா சேர்த்துத் திரட்டி, அரை அங்குல கனத்தில் வெட்டி, பட்டர் பேப்பரில் வைத்து 160 டிகிரியில் ஓரம் லேசாகச் சிவக்கும்வரை விடுங்கள்.

நன்றாக வந்தால் உங்கள் கையும் ஓடிஜியும் ஓகே. ஒரு பக்கம் மட்டும் கருகினால், உங்கள் ஓடிஜியில் சூடு எந்தப் பக்கம் அதிகம் என்று தெரிந்துவிடும். பாதி நேரத்தில் ட்ரேயைத் திருப்பி வைத்தால் போதும். அதற்குப் பிறகும் புத்தகத்தின் குக்கீ தட்டையாகவே வந்தால், அட்டைப்பெட்டிக்குள் போக வேண்டியது ஓடிஜி அல்ல!