பெரிய டயர் போட்டால் டீசல் மிச்சமாகுமா?

லாரிக்கு 9.00-20 டயரைக் கழற்றிவிட்டு 10.00-20 போட்டதும் 'மைலேஜ் இறங்கிவிட்டது' என்று முடிவுகட்டுவதற்கு முன், கிலோமீட்டர் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். முதலில் பிசகுவது அதுதான்.

9.00-20 ரேடியல் டயரின் விட்டம் சுமார் 1,019 மி.மீ.; 10.00-20க்குச் சுமார் 1,054 மி.மீ. ஒரு சுற்றுக்கு முன்னது 3.20 மீட்டர் போனால் பின்னது 3.31 மீட்டர் போகும். வண்டியின் மீட்டருக்கு இந்த மாற்றம் தெரியாது. அது சக்கரச் சுற்றைத்தான் எண்ணுகிறது. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை 40 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் 38.7 என்றுதான் காட்டும். பத்து லிட்டர் டீசல் செலவாகியிருந்தால் உண்மையான மைலேஜ் 4. மீட்டரை நம்பினால் 3.87. நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபட்டுவிடும். வேகமும் இப்படியே: 80-இல் பூட்டிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, திருத்தி அமைக்காவிட்டால் 82-ஐத் தாண்ட விடும்.

இனி கியர். கிரவுன் பினியனில் 41க்கு 7 பல் இருந்தால் விகிதம் 5.86. டயர் பெரிதானதும் பல்லைத் தொடாமலேயே அது 5.66 ஆனதுபோல வண்டி நடந்துகொள்ளும். நேரடி டாப் கியரில் 60 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 1,830 சுற்று சுற்றிய இன்ஜின், இப்போது 1,770 சுற்றினால் போதும். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியைக் கடந்து சமதளத்தில் ஒரே வேகத்தில் போகிற வண்டிக்கு இது லாபம். ஆனால் சிறிய லாபம்தான். காற்றையும் லோடையும் தள்ளுகிற வேலை டயர் மாறியதால் குறைந்துவிடுவதில்லை. நைலானிலிருந்து ரேடியலுக்கு மாறியவர்கள் மிச்சமான டீசலை அளவின் கணக்கில் எழுதுவதும் உண்டு. உண்மையில் ரேடியல் உருளும்போது வீணாகும் சக்தி குறைவு, அதனால் வந்த மிச்சம் அது.

திருவக்கரைப் பக்கம் கல் குவாரியில் ஓடும் டிப்பருக்குக் கதை வேறு. ஒவ்வொரு கியரிலும் இழுவை 3 சதவீதத்துக்கு மேல் குறையும். ஜல்லி ஏற்றிக்கொண்டு பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும்போது டிரைவர் கிளட்சில் கால் வைத்தே ஓட்டுவார்; ஒரு கியர் முன்னதாகவே இறக்குவார். சேமிக்க நினைத்த டீசல் அங்கே போய்விடும், கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் தேயும். அந்த வண்டிக்குப் பெரிய டயர் வேண்டவே வேண்டாம் என்பேன்.

டயரை மாற்றாமலே அளவு மாறுவதும் உண்டு. 12 மி.மீ. தேய்ந்த டயரின் விட்டம் 24 மி.மீ. குறைகிறது, 10.00-20இல் அது 2 சதவீதத்துக்கு மேல். தேய்ந்த டயரில் மீட்டர் கூடுதலாக ஓடி மைலேஜை உயர்த்திக் காட்டும். புது டயர் போட்ட மாதத்தில் டிரைவரைக் கோபிக்கும் முதலாளிகள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் அதே மாதிரிதான் ஓட்டியிருப்பார்.

டியூப்லெஸ் 295/80 ஆர் 22.5 டயரின் விட்டம் சுமார் 1,044 மி.மீ. 10.00-20 ஓடிய வண்டிக்கு ரிம்மோடு இதை மாற்றினால் கியர் கணக்கு ஒரு சதவீதம்கூட மாறாது. எதைப் போட்டாலும் பின்னால் ஜோடி டயர் இரண்டும் ஒரே உயரமாக இருக்கட்டும். உயரமானது லோடில் பெரும்பங்கைத் தாங்கிச் சூடேறும், குட்டையானது தரையில் இழுபட்டே தேயும்.