வாசம் பறந்தால் கொசு வரும்

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, ஒரு மூலையில் ஊட்டி யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு, எதிர்மூலையில் வேப்பெண்ணெய் ஒரு சொட்டு விட்டு மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். முதலில் இரண்டும் ஒரே மாதிரிதான் பரவும். மதியச் சாப்பாட்டை முடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வந்து பார்த்தால் தைலம் விட்ட சுவடே இருக்காது. வேப்பெண்ணெய்க் கறை மட்டும் பஜ்ஜி மடித்த தாள் போல அப்படியே இருக்கும், நாளைக்கும் இருக்கும். (தைலம் விட்ட இடத்திலும் பிசுக்கு வட்டம் மிஞ்சியிருந்தால், பாட்டிலில் இருப்பது வெறும் தைலம் அல்ல.)

கோடைப் பூச்சிகளை விரட்ட நாம் கையில் எடுக்கும் எண்ணெய்கள் எல்லாம் இந்த இரண்டு சொட்டுகளில் ஏதோ ஒன்றின் சாதிதான். யூகலிப்டஸ், சிட்ரொனெல்லா, எலுமிச்சைப்புல், புதினா, கிராம்பு ஆகியவை பறக்கிற வகை. இலையையோ புல்லையோ மொட்டையோ நீராவியில் காய்ச்சி வடிப்பவை. வேம்பும் புங்கமும் தங்குகிற வகை. கொட்டையைச் செக்கில் ஆட்டிப் பிழிபவை. கடையில் இரண்டும் ஒரே தட்டில், ‘இயற்கைப் பூச்சிவிரட்டி’ என்ற ஒரே பெயரில் இருக்கின்றன. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கொசு. நம்மைக் கடிப்பது பெண் கொசு. அது நம்மைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் மோப்பத்தால்: நாம் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயு, வியர்வையிலுள்ள லாக்டிக் அமிலம். பக்கத்தில் வந்ததும் உடம்புச் சூடும் வழிகாட்டும். மூக்கு வேலையைப் பெரும்பாலும் செய்வது அதன் உணர்கொம்புகள். சிட்ரொனெல்லா போன்ற எண்ணெய்களின் மணம் அந்த உணர்கொம்புகளைக் குழப்பி, கொசுவை விலகிப் போக வைக்கிறது. ஆனால் மணம் காற்றில் கலந்திருக்கும்வரைதான் இந்தக் குழப்பம். காற்றில் கலக்க வேண்டுமானால் எண்ணெய் தோலைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். கிளம்பினால் தீர்ந்துபோகும். அதன் பலமும் பலவீனமும் ஒரே குணம்தான். அக்னி நட்சத்திர வெயிலில், கசகசக்கும் வியர்வையில், இன்னும் வேகமாகத் தீரும்.

இதைக் கடிகாரம் வைத்தே அளந்திருக்கிறார்கள். 2002இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வில், 15 தன்னார்வலர்கள் விதவிதமான கொசுவிரட்டிகளைத் தடவிக்கொண்டு கொசுக்கூண்டுக்குள் கையை நீட்டினார்கள். சுமார் 24 சதவீதம் டீட் என்ற வேதிப்பொருள் கலந்த விரட்டி ஏறக்குறைய 5 மணி நேரம் தாங்கியது. சிட்ரொனெல்லாத் தயாரிப்புகள் சராசரியாக 20 நிமிடத்தைத் தாண்டவில்லை. வாசலில் உட்கார்ந்து ஒரு தொலைபேசி அழைப்பைப் பேசி முடிக்கும் நேரம். அதற்காகச் சிட்ரொனெல்லாவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தேங்காயெண்ணெயில் சில சொட்டு கலந்து தடவினால் சற்று நிதானமாக ஆவியாகும். அப்புறமும் திரும்பத் திரும்பத் தடவத்தான் வேண்டும். டெங்கு பரவும் நாட்களில் அதை மட்டும் நம்பிக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன்.

யூகலிப்டஸ் பற்றி ஒரு ஆள்மாறாட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் கொசுவுக்குப் பரிந்துரைக்கும் ‘லெமன் யூகலிப்டஸ் எண்ணெய்’, எலுமிச்சை மணம் வீசும் வேறொரு தைல மரத்திலிருந்து வருவது. அதிலும் பி.எம்.டி. என்ற பொருளின் செறிவைக் கூட்டித் தயாரிக்கிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கூடாது. ஊட்டியில் காய்ச்சுவது நீலக் கோந்து மரத்து இலைத் தைலம். அதில் மேலோங்கி இருப்பது சினியோல். சளிக்கு நல்ல சகா, கொசுவுக்குச் சுமாரான எதிரி. இணையத்தில் படித்துவிட்டு இதைக் கைகால் முழுக்கப் பூசிக்கொள்பவர்கள் பெயரை நம்பி ஏமாந்தவர்கள்.

மாடித்தோட்டத்துக்கு வருவோம். கத்திரி வெயிலில் ஆட்கள் உள்ளே ஒடுங்கும்போதுதான் மாவுப்பூச்சிக்குக் கொண்டாட்டம். போன கோடையில் என் செம்பருத்தியின் நுனிகளில் யாரோ கோலமாவைக் கிள்ளி வைத்தது போலிருந்தது. விரலால் தொட்டால் பிசுபிசுப்பு. கிளை நெடுகக் கட்டெறும்பு வரிசை. மாவுப்பூச்சியும் அசுவினியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும், கிளைக்குக் கிளை தூக்கிக்கொண்டும் போகும். செடியில் எறும்பு ஏறினால் இலையின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

இங்கே பறக்கிற எண்ணெயால் பெரிய பயனில்லை. மாவுப்பூச்சி எங்கும் போகாமல் உட்கார்ந்து சாறு குடிப்பது. மணம் பிடிக்கவில்லை என்று எழுந்து போய்விடாது. இங்கேதான் தங்குகிற எண்ணெய் வேண்டும். 1959இல் சூடானில் வெட்டுக்கிளிப் படை பச்சையை எல்லாம் மொட்டையடித்துவிட்டுப் போனபோது வேப்பமரம் மட்டும் இலையோடு நின்றதை ஜெர்மானியப் பூச்சியியலாளர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் கவனித்தார். வேம்பின் மேல் உலக ஆய்வகங்களின் கண் திரும்ப அது ஒரு காரணம். வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் பூச்சியின் பசியைக் கெடுக்கிறது. குஞ்சுப்பருவத்தில் தோலுரித்து வளரவிடாமல் ஹார்மோனில் கைவைக்கிறது. தெளித்த மாலையே பூச்சி செத்து விழாது. நான்கைந்து நாள் பொறுத்து, வாரம் ஒருமுறை மறுபடி தெளிக்க வேண்டும்.

வீட்டு அளவு எளிது. ஒரு லிட்டர் தண்ணீரில் சீவிய காதி சோப்பு கொஞ்சம் கரைத்து, 5 மில்லி வேப்பெண்ணெயை விட்டுப் பால் போல வெளுக்கும்வரை குலுக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். முதலில் வெறும் தண்ணீர்தான் வரும், கடைசியில் சுத்த எண்ணெய் போய் இலையைப் பொசுக்கும். மாவுப்பூச்சியின் மெழுகுப் போர்வையைக் கரைப்பதிலும் சோப்புக்குப் பெரிய பங்குண்டு. பாதி வேலை அதனுடையது, பேர் மட்டும் வேம்புக்கு! சாயங்காலம் மட்டும் தெளியுங்கள். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். தேனீக்களும் அந்நேரம் கூடு திரும்பியிருக்கும். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயிலில் தெளித்து, இரண்டு கத்தரிச் செடிகளின் இலைகளை அப்பளமாக்கினேன்.

எண்ணெய்க்கு எல்லையும் உண்டு. 2008இல் கோவையில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி என்று தாவி விவசாயிகளைக் கலங்கடித்தது. அதை அடக்கியது எந்தத் தெளிப்பும் அல்ல. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒட்டுண்ணிக் குளவி.

பறக்கும் எண்ணெய்களைக் கையாளும்போது கவனம். நேரடியாகத் தோலில் பூசினால் எரியும். தைலத்தையும் கற்பூரத்தையும் குழந்தைகள் விழுங்கினால் வலிப்பு வரலாம். பூனை வளர்ப்பவர்கள் அறைக்குள் ஆவியாக்கும் கருவியை ஓடவிடாதீர்கள். பல மணப்பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

சாயங்காலம் தெளிக்கப் போகும்போது தொட்டிகளுக்கு அடியில் இருக்கும் தட்டுகளையும் பாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்த ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கோடைச் சூட்டில் முட்டை ஏழெட்டு நாளில் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வாரம் ஒருமுறை தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும்.