எதிர்பாராத நிறுத்தம்: புகையிரதத் தடுப்பின் சமூக வரலாறு

தொழில்நுட்ப வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கண்டுபிடிப்பு எப்பொழுது, எந்த நிர்ப்பந்தத்தால் நடைமுறைக்கு வந்தது என்னும் வினா அங்கு எழுப்பப்படுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரித்தானியப் புகையிரதங்களின் தடுப்புக்கருவி இவ்வினாவுக்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1865 யூன் 9ஆம் திகதி, நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் பயணஞ்செய்த புகையிரதம் இங்கிலாந்தின் ஸ்ரேபிள்ஹேர்ஸ்ற் அருகே விபத்துக்குள்ளாயிற்று. திருத்தவேலைக்காகப் பாலமொன்றில் தண்டவாளங்கள் கழற்றப்பட்டிருந்தன. 900 மீற்றருக்கு அப்பால் நிற்கவேண்டிய கொடிக்காரர் ஏறத்தாழ 500 மீற்றரிலேயே நின்றார். செங்கொடியைக் கண்ட சாரதி ஊதலை ஒலித்தார். அவ்வொலி கேட்டே காவலர்கள் தத்தம் பெட்டிகளின் தடுப்புகளை இயக்கவேண்டும். தூரம் போதவில்லை, பத்துப்பேர் மாண்டனர். சிறை சென்றவர் திருத்தவேலைக்குப் பொறுப்பாயிருந்த தொழிலாளர் தலைவரே.

1872இல் அமெரிக்கரான ஜோர்ஜ் வெஸ்ரிங்ஹவுஸ் தன்னியக்கக் காற்றுத்தடுப்பை உருவாக்கினார். இதில், வண்டி முழுவதும் செல்லும் குழாயிலுள்ள காற்றழுத்தமே தடுப்புகளை விலக்கி வைத்திருக்கும். குழாய் அறுந்தால், அல்லது பெட்டிகள் பிரிந்தால், அழுத்தம் குறைந்து தடுப்புகள் தாமாகவே இறுகும். இதன் விளைவாக, சிறு பழுதும் வண்டியை வழிநடுவே எதிர்பாராது நிறுத்திவிடக்கூடும். கம்பனிகள் பல இதனையே குறையாகக் கண்டன. தாமதமும் செலவும் அவற்றுக்கு நட்டமல்லவா? எனவே, எளிய வெற்றிடத் தடுப்பையே அவை விரும்பின. அதிலோ குழாய் அறுந்தால் தடுப்பே இல்லாமற் போய்விடும். வர்த்தகச் சபையின் பரிசோதகர்கள் பன்முறை வற்புறுத்தியும் பயன் விளையவில்லை.

1889 யூன் 12ஆம் திகதி, அயர்லாந்தின் ஆர்மா நகருக்கருகே, ஞாயிறுப் பாடசாலைச் சுற்றுலா வண்டியொன்று ஏற்றத்தில் ஏறமாட்டாது நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்தனர். பிரித்த கணமே பின்பகுதியின் வெற்றிடத் தடுப்பு செயலிழந்தது. காவலரின் கைத்தடுப்பும் சக்கரங்களுக்கு அண்டையாக வைத்த கற்களும் பத்துப் பெட்டிகளைத் தாங்கவில்லை. அவை பின்னோக்கி உருண்டு, தொடர்ந்து வந்த புகையிரதத்துடன் மோதின. மாண்ட ஏறத்தாழ 80 பேருள் பலர் சிறுவர்கள். தொடர்ச்சியான தன்னியக்கத் தடுப்பைப் பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது.

கருவி தோன்றியதற்கும் சட்டம் பிறந்ததற்கும் இடையே பதினேழு ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைவெளியை அறிவின் போதாமையால் விளக்கமுடியாது. எதிர்பாராத நிறுத்தத்தின் செலவு கம்பனியைச் சார்ந்தது. நிற்காமையின் விலையோ பயணிகளையும் தொழிலாளரையும் சார்ந்தது. விஞ்ஞானம் வழங்கிய பாதுகாப்பை, இலாபக் கணக்கு ஒத்திவைத்தது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.